ஒரே கணினி, இரண்டு பேர், இரண்டு கிளவுட்: விண்டோஸ் 11 ஒரு வீட்டு விமர்சனம்

வீட்டில் இருப்பது ஒரே கணினி, அதில் உட்காருவது கணவன் மனைவி இரண்டு பேர், இரண்டு பேருக்கும் ஃபைல்களை இணையத்தில் சேமித்து வைக்கிற கிளவுட் அக்கவுண்ட் வேறு வேறு என்றால், விண்டோஸுக்குள் ஆளுக்கொரு யூசர் அக்கவுண்ட் போட்டுக்கொள்வதுதான் உருப்படியான வழி, மற்றதெல்லாம் ஒப்பேற்றல். இதற்குத் தனியாகக் காசும் கிடையாது, விண்டோஸ் 11 ஹோமிலேயே எல்லாம் இருக்கிறது. ஆனால் போட்டு முடித்ததும் வேலை தீர்ந்துவிடாது. இரண்டு பேரையும் பிரித்து வைக்கிற வேலையை விண்டோஸ் அழகாகவே செய்கிறது, இரண்டு பேருக்கும் பொதுவான சாமான்களை எங்கே வைப்பது என்பதில்தான் நம்மை அம்போ என்று விட்டுவிடுகிறது. என் மார்க் ஐந்துக்கு மூன்றரை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டு நிலவரம் இது. நான் ஈரோட்டில் வீட்டிலிருந்தபடியே சில ஜவுளிக் கடைகளுக்கும் விசைத்தறிக்காரர்களுக்கும் கணக்கு எழுதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். டாலி என்கிற கணக்கு மென்பொருள், எக்செல், அப்புறம் மைக்ரோசாஃப்டின் கிளவுடான ஒன்டிரைவ், இதுதான் என் உலகம். என் வீட்டுக்காரர் தமிழாசிரியர். அவருக்கு ஆண்ட்ராய்டு போன், கூகுள் டிரைவ், பள்ளிக்கூடத்துக் கூகுள் ஃபார்ம், ஊர்ப்பட்ட வினாத்தாள். 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன், 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன் என்று எனக்குக் கழுத்தை நெரிக்கிற நாட்களில்தான் அவருக்கும் மாதத் தேர்வு வினாத்தாள் ஞாபகம் வரும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தருகிற இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததால் பழைய பெட்டியைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒரு டெஸ்க்டாப் வாங்கினோம், அதில்தான் இந்த ஏற்பாடு.

முதலில் பலரும் கேட்பது, ஒரே லாகினில் இரண்டு கிளவுடையும் ஏற்றிவிட்டால் ஆகாதா என்று. கூகுள் டிரைவ் டெஸ்க்டாப் ஆப் இதற்கு இடம் கொடுக்கிறது, ஒரே விண்டோஸ் யூசருக்குள் நாலு கூகுள் அக்கவுண்ட் வரை ஏற்றலாம், ஒவ்வொன்றும் தனி டிரைவாக எழுத்தோடு வந்து நிற்கும். ஒன்டிரைவ் அப்படி இல்லை. ஒரு விண்டோஸ் யூசருக்கு ஒரு பர்சனல் ஒன்டிரைவ்தான், கூட ஆபீஸ் அக்கவுண்ட் வேண்டுமானால் சேர்க்கலாம். இரண்டு பேருக்கும் பர்சனல் ஒன்டிரைவ் என்றால் ஒரே லாகின் என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது. சரி, ஒருவர் ஒன்டிரைவ், ஒருவர் கூகுள், எங்களைப் போல, அப்போது? அப்போதும் சரிப்படாது. ஒன்டிரைவில் பேக்கப் என்று ஒன்றை ஆன் செய்திருந்தால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் அது தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அவர் டெஸ்க்டாப்பில் சேமிக்கிற ஒன்பதாம் வகுப்பு வினாத்தாள் என் ஒன்டிரைவுக்குத்தான் ஏறும், என் போனில்தான் தெரியும். அவருடைய கூகுள் டிரைவ் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். குரோமில் ஆளுக்கொரு புரொஃபைல் போடுவது பிரவுசர் வரைக்கும்தான் பிரிக்கும், டெஸ்க்டாப்புக்கு அது எதுவும் செய்யாது. வாட்ஸ்அப் கதையே வேறு. ஒரே லாகினில் யாருடைய வாட்ஸ்அப் திறந்திருக்கிறதோ அவர்களுடைய சொந்தக்காரர் குரூப் முழுக்க மற்றவர் கண்ணில் படும். என் நாத்தனார் குரூப்பில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது.

இப்போது ஆரம்ப வேலை. இதில் ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு நடந்தது வேறு யாருக்கும் நடக்கக்கூடாது. விண்டோஸ் 11 ஹோம் முதல் தடவை கிளம்பும்போதே இணையமும் ஒரு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டும் கேட்கும். எங்களுக்குக் கணினி அசெம்பிள் செய்து கொடுத்த கடைப் பையன் நம்மைக் கேட்பதற்குப் பதிலாகக் கடை மெயிலையே போட்டு வேலையை முடித்துக் கையில் கொடுத்துவிட்டான். "அப்புறம் உங்க மெயில சேத்துக்குங்கக்கா, ஒண்ணும் பிரச்சனை இல்ல" என்றான். பிரச்சனை இருக்கிறது. இப்போது வருகிற கணினிகளில் பெரும்பாலும் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடும், வட்டு முழுக்கப் பூட்டு. அந்தப் பூட்டுக்கு 48 இலக்க ரெகவரி கீ ஒன்று உண்டு, அது முதன்முதலில் அட்மினாக, அதாவது கணினியில் முழு அதிகாரத்தோடு, லாகின் செய்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் போய் உட்காரும். அதாவது நாளைக்கு மதர்போர்டு மாற்றினாலோ கணினியைக் கிளப்புகிற அடிப்படை செட்டிங்கான பயாஸில் கை வைத்தாலோ கணினி அந்த 48 எண்ணைக் கேட்கும், எண் இருப்பது கடைக்காரர் மெயிலில்! அந்தப் பையன் அதற்குள் வேறு கடைக்கு வேலைக்குப் போயிருந்தால் யாரிடம் போய் நிற்பது?

இதற்கு வழி, செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் அதர் யூசர்ஸ், அங்கே உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டைச் சேர்த்து ஸ்டாண்டர்டு என்று இருப்பதை அட்மினிஸ்ட்ரேட்டர் என்று மாற்றி, அதில் நுழைந்து கடை அக்கவுண்டைத் தூக்கிவிடுவது. அதோடு விடாமல் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷனை ஒருமுறை ஆஃப் செய்து, அது முழுக்க அவிழ்ந்து முடிந்ததும் மறுபடி ஆன் செய்தால் புதுக் கீ உங்கள் அக்கவுண்டுக்கு வந்துவிடும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் பக்கத்தில் டிவைசஸ் பகுதியில் அது தெரிகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். எங்கள் வீட்டில் கீ என் அக்கவுண்டில் இருக்கிறது, தாள் அவருடைய சர்ட்டிஃபிகேட் ஃபைலில் இருக்கிறது. எனக்கு ஒன்று ஆகிவிட்டால் அவர் என் மெயிலுக்குள் நுழையப் போராட வேண்டியதில்லை.

அன்றாடப் புழக்கத்துக்கு வருவோம். விண்டோஸ் கீயோடு எல் அழுத்தினால் பூட்டுத் திரை, கீழே இடது மூலையில் இரண்டு பேர், தன் பெயரைத் தொட்டு பின் நம்பர் போட்டால் அவரவர் உலகம். நான் பாதியில் விட்ட எக்செல் அப்படியே இருக்கும். அவர் டெஸ்க்டாப்பில் பாரதி படம், என்னுடையதில் ரிட்டர்ன் தேதி. இந்த வசதி விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே, அதாவது 2001-லிருந்தே இருக்கிறது. இருபத்துச் சொச்சம் வருஷமாக இருந்தும் நம் வீடுகளில் அட்மின் என்ற ஒரே லாகினில் குடும்பமே குடித்தனம் செய்வது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

மாறும்போது மற்றவருடைய ஆப்கள் மூடுவதில்லை, பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் ராம் என்கிற மெமரி இரண்டு பேருக்கும் சேர்த்துச் செலவாகிறது. அவர் குரோமில் முப்பது டேப் திறந்துவிட்டு எழுந்து போனால் அதன் பாரத்தை என் டாலி சுமக்கும். டாஸ்க் மேனேஜரில் யூசர்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் யார் எவ்வளவு மெமரி தின்கிறார்கள் என்று பெயரோடு காட்டும், வீட்டுச் சண்டைக்கு நல்ல ஆதாரம். 8 ஜிபி ராமில் இந்த ஏற்பாட்டைச் செய்யாதீர்கள், 16 வேண்டும். ஷட் டவுன் கொடுத்தால் இன்னொருவர் இன்னும் இந்தக் கணினியில் இருக்கிறார், சேமிக்காத வேலை போய்விடலாம் என்று எச்சரிக்கும். அதைப் படிக்காமல் சரி என்று தட்டுகிற ஆள் வீட்டில் இருந்தால் அது உங்கள் தலையெழுத்து.

இதோடு சேர்ந்த இன்னொரு சங்கதி. மாறுவது வேறு, சைன் அவுட் செய்வது வேறு. மாறினால் பின்னால் ஒன்டிரைவும் கூகுள் டிரைவும் தங்கள் பாட்டுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். சைன் அவுட் செய்தால் அந்த ஆளுடைய சிங்க், அதாவது கிளவுடோடு நடக்கிற ஃபைல் பரிமாற்றம், அந்த நிமிஷத்தோடு நின்றுவிடும். பெரிய ஃபைல் ஏறிக்கொண்டிருக்கும்போது "ஏனுங்க, சைன் அவுட் பண்ணாதீங்க, மாத்திக்குங்க போதும்" என்று நான் சமையலறையிலிருந்து கத்துவது இதனால்தான்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்குத் தனி லாகினால் வருகிற லாபம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. விசைப்பலகை அமைப்பு ஆளுக்கு ஆள் தனி. அவருக்குத் தமிழ் 99, விண்டோஸிலேயே இருக்கிறது, வேறு எதையும் ஏற்ற வேண்டாம். எனக்கு ஆங்கிலம் மட்டும். ஒரே லாகினாக இருந்த காலத்தில் விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் தெரியாமல் பட்டு, ஜிஎஸ்டி பதிவு எண்ணான ஜிஎஸ்டிஐஎன் அடிக்கிற கட்டத்தில் க, ங, ச என்று விழும். இப்போது அந்தத் தொல்லை இல்லை.

ஃபாண்ட் விஷயத்தில் மட்டும் கவனம். பள்ளிக்கூடத்தில் பழைய வினாத்தாள்கள் எல்லாம் வானவில், பாமினி போன்ற ஃபாண்ட்களில் இருக்கின்றன, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அல்ல. விண்டோஸில் இப்போது ஒரு ஃபாண்டை டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் அது அந்த ஒரு யூசருக்கு மட்டும்தான் ஏறும். அவர் லாகினில் அழகாகத் தெரிகிற தாள் என் லாகினில் திறந்தால் என்னமோ ஆங்கில எழுத்துகளைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கும். ஃபாண்ட் ஃபைலை ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ் என்று கொடுங்கள், இருவருக்கும் வந்துவிடும். இந்த ஃபாண்ட்களைக் கூகுள் டாக்ஸில் ஏற்றவே முடியாது, நம் கணினியில் இருக்கிற ஃபாண்டை அது எடுத்துக்கொள்வதில்லை. அதனால் அவர் கூகுள் ஆளாக இருந்தும் வேர்டு இல்லாமல் தீரவில்லை. வேர்டு, எக்செல் எல்லாம் சேர்ந்த சந்தாவான மைக்ரோசாஃப்ட் 365 பர்சனல் ஒருவருக்குத்தான், என் அக்கவுண்டை அவர் வேர்டில் போட்டால் என் வாடிக்கையாளர் ஃபைல் பெயர்கள் அவருக்கு ரீசன்டில் வரிசையாக நிற்கும். ஆகவே ஃபேமிலி பிளானுக்கு மாறினோம். ஆறு பேர் வரை சேர்க்கலாம், ஆளுக்கு 1 டிபி தனித்தனியாக. அவருக்குக் கிடைத்த 1 டிபி சும்மா காற்று வாங்குகிறது, மனிதர் கூகுளை விட்டு நகர மாட்டேன் என்கிறார்.

ஃபேமிலி பிளான் என்றதும் ஒருவர் ஃபைல் இன்னொருவருக்குத் தெரிந்துவிடுமோ என்று நினைக்கிறவர்கள் உண்டு. தெரியாது. பணம் கட்டுகிறவர் ஒருவர், அவ்வளவுதான், ஃபைல்கள் அவரவருடையது. கூகுளின் காசு கட்டுகிற திட்டமான கூகுள் ஒன் என்பதும் அப்படித்தான், ஐந்து பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே வாங்குகிற இடம் ஒரே பொதுக் குளம், யார் அதிகம் இறைக்கிறார்களோ அவர்களுக்கு. இலவசமாகவே ஓட்டலாம் என்றால் கூகுளில் 15 ஜிபி, அதிலேயே ஜிமெயில், டிரைவ், போட்டோ மூன்றும் அடங்க வேண்டும். ஒன்டிரைவில் 5 ஜிபிதான், அதை வைத்துக்கொண்டு டெஸ்க்டாப் பேக்கப்பை ஆன் செய்வது வீண்.

டாலிக்கு வருகிறேன், என் மார்க்கில் ஐந்துக்கு ஒன்றரை குறைந்தது பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களால்தான். டாலி பிரைம் தன் டேட்டாவைச் சாதாரணமாக வைப்பது சி டிரைவில், யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பப்ளிக் என்கிற பொது இடத்தில். டாலி அங்கே வைப்பதற்குக் காரணம் இருக்கிறது, எந்த யூசர் திறந்தாலும் டேட்டா கிடைக்க வேண்டும் என்பதுதான். ஆனால் எங்களைப் போன்ற வீட்டுக்கு இதில் இரண்டு சிக்கல். ஒன்று, அந்த இடம் ஒன்டிரைவின் பேக்கப்பில் சேராது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாம் பச்சை டிக்கோடு பத்திரமாக இருக்கும், என் சோறு போடுகிற கணக்கு மட்டும் வெளியே கிடக்கும். இரண்டு, அது இருவருக்கும் திறந்த இடம். ஒவ்வொரு கம்பெனியின் டேட்டாவும் வெறும் எண் பெயரில் ஒரு ஃபோல்டர். ஒருநாள் இடம் காலி செய்கிறேன் என்று உட்கார்ந்தவர் "ஏம்மா, 10000-னு ஒண்ணு, 10001-னு ஒண்ணு கெடக்குதே, அழிச்சுடட்டுமா?" என்று கேட்டார். கேட்டாரே, அதுவரைக்கும் புண்ணியம். அது ஒரு முழு ஜவுளிக் கடையின் வருஷக் கணக்கு.

அதற்காக டாலி டேட்டாவை அப்படியே ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் நகர்த்தாதீர்கள். டாலி எழுதிக்கொண்டிருக்கும்போதே சிங்க்கும் அதே ஃபைலைப் பிடித்து இழுத்தால் டேட்டா கெட வாய்ப்பு இருக்கிறது. நேரடி டேட்டா தன் இடத்திலேயே இருக்கட்டும். வேலை முடிந்ததும் ஆல்ட்டோடு ஒய் அழுத்தி பேக்கப் எடுத்து, அந்த பேக்கப் போகிற இடத்தை மட்டும் ஒன்டிரைவுக்குள் வைத்துக்கொண்டால் போதும். யார் கண்ணிலும் படக்கூடாத கம்பெனி என்றால் டாலிவால்ட் பாஸ்வேர்டு போடலாம், கம்பெனிப் பெயரையே மறைத்துவிடும். மறந்தால் மீட்க வழியே இல்லை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

பொதுச் சாமான்கள் என்று வீட்டில் எவ்வளவோ இருக்கின்றன. பத்திரம், ஆதார் ஸ்கேன், பிள்ளையின் ஃபீஸ் ரசீது, கேஸ் பில். பப்ளிக் ஃபோல்டரில் போட்டால் கணினியில் இருவருக்கும் தெரியும், போனில் தெரியாது, வட்டு போனால் அதுவும் போச்சு. அதனால் யாராவது ஒருவர் கிளவுடில் ஒரே ஒரு ஃபோல்டர் திறந்து மற்றவருக்குப் பகிர்வதுதான் சரி. இதில் இரண்டு கம்பெனிக்கும் கணக்கு வேறு மாதிரி. ஒன்டிரைவில் பகிர்ந்த ஃபோல்டருக்குள் யார் எதைப் போட்டாலும் ஃபோல்டர் வைத்திருப்பவர் இடத்தில்தான் கழியும். கூகுளில் யார் ஏற்றினார்களோ அவர் கணக்கில் கழியும். பகிர்ந்ததும் கணினியில் தானாக வந்து நிற்கும் என்றும் நினைக்க வேண்டாம். கூகுளில் ஷேர்டு வித் மீ என்பதில் மட்டும் கிடக்கும், அதற்கு ஷார்ட்கட் ஒன்றை மை டிரைவில் சேர்த்தால்தான் கணினியில் தெரியும். ஒன்டிரைவிலும் மை ஃபைல்ஸில் ஷார்ட்கட் சேர்க்க வேண்டும். எங்கள் குடும்ப ஃபோல்டர் என் ஒன்டிரைவில்தான் இருக்கிறது, அவருக்கு ஃபேமிலி பிளானில் வந்த அக்கவுண்டுக்குப் பகிர்ந்திருக்கிறேன், அவரது 1 டிபிக்கு இருக்கிற ஒரே வேலை அந்த ஷார்ட்கட்டைத் தாங்குவது.

அந்த ஃபோல்டரை இருவரும் எப்போதும் கணினியிலேயே இருக்கட்டும் என்று வைத்தால் ஒரே வட்டில் அதே ஃபைல் இரண்டு பிரதி கிடக்கும். ஸ்கேன்களுக்கு அது பெரிதில்லை. கல்யாண வீடியோ மாதிரி கனமானதென்றால் ஒருவர் மட்டும் இறக்கி வைத்து, மற்றவர் ரைட் கிளிக்கில் ஃப்ரீ அப் ஸ்பேஸ் கொடுத்து மேகச் சின்னத்தோடு விட்டுவிட வேண்டும். 256 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு பேர் இருக்கும் கணினிக்குப் பற்றாது, 512 போடுங்கள்.

ரகசியம் காக்குமா என்று கேட்பவர்களுக்கு: பாதி. இருவரும் அட்மின் என்றால் ஒருவர் மற்றவர் ஃபோல்டரைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வரும், கன்டினியூ தட்டினால் உள்ளே விட்டுவிடும். ஒருவரை ஸ்டாண்டர்டாக வைத்தால் அந்த வழி அவருக்கு அடைபடும், ஆனால் அட்மின் ஆளுக்குத் திறந்தே இருக்கும். பிறந்தநாள் பரிசு ரசீதை மறைக்க இது போதும். வாடிக்கையாளர் பான், பேங்க் ஸ்டேட்மென்ட் போன்றவற்றை நான் ஒன்டிரைவின் பர்சனல் வால்ட்டில் வைக்கிறேன், திறக்கும்போதெல்லாம் மறுபடி அடையாளம் கேட்கும், கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தால் தானே மூடிக்கொள்ளும். இலவசத் திட்டத்தில் அதில் மூன்று ஃபைல்தான் வைக்கலாம். எங்கள் வீட்டில் நான் அட்மின், அவர் ஸ்டாண்டர்டு. முதலில் முகம் சுளித்தார். ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் என் பின் நம்பர் கேட்கிறது என்பது அவருக்கு வருத்தம்தான், ஆனால் இலவச பிடிஎஃப் கன்வர்ட்டர் என்ற பெயரில் கண்டதையும் ஏற்றுவது அன்றோடு நின்றது.

பிரின்டர் இரண்டு லாகினிலும் தானாக வந்துவிட்டது, டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கனின் டிரைவரும் ஒருமுறை போட்டதே போதுமாக இருந்தது. கூகுள் டிரைவ் ஆப்பையும் ஒருமுறை ஏற்றினால் போதும், லாகின் மட்டும் அவரவர் செய்துகொள்ள வேண்டும்.

கணினியைத் தொடுவதே மாதத்தில் ஏதோ ஒருநாள், மின் கட்டணமும் ரயில் டிக்கெட்டும்தான், மற்றதெல்லாம் போனிலேயே முடிகிறது என்கிற வீடுகளுக்கு இவ்வளவும் தேவையில்லை. குரோமில் இரண்டு புரொஃபைல் போட்டுக்கொள்ளுங்கள், ஒன்டிரைவ் பேக்கப்பை ஆஃப் செய்துவிடுங்கள், அந்த ரெகவரி கீ யாருடைய மெயிலில் இருக்கிறது என்று மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.